சூழல் மாறினால் காட்டுயிர் மாறுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காலநிலை பற்றிப் பேச்சு வந்தாலே இரண்டு குரல்கள் எழும். “விலங்குகள் எப்படியாவது சமாளித்துக்கொள்ளும்” என்பது ஒன்று. “எல்லாம் போச்சு” என்பது மற்றொன்று. சமாளிப்பது எது, எத்தனை நாளில், என்ன விலை கொடுத்து என்பதை அளந்தே பார்த்தவர்கள் இருக்கிறார்கள். கீழே உள்ள பதில்கள் அந்த அளவுகளை நம்பி எழுதப்பட்டவை. டாஃப்னி மேஜர் என்ற சிறு தீவு அடிக்கடி வரும். அங்கே ஒவ்வொரு குருவியும் தனித்தனியாகக் கணக்கில் இருந்ததே அதற்குக் காரணம்.

ஒரு விலங்கு தன் வாழ்நாளில் பரிணாமம் அடையுமா?

அடையாது. பரிணாமம் என்பது ஒரு கூட்டத்தில் தலைமுறைக்குத் தலைமுறை மரபணுக்களின் விகிதம் மாறுவது. தனி விலங்கு மாறுவதில்லை. அது பிழைக்கிறது அல்லது சாகிறது, குட்டி போடுகிறது அல்லது போடாமல் போகிறது. அடுத்த தலைமுறையின் சராசரி அதனால்தான் நகர்கிறது.

தனி விலங்கு செய்யக்கூடியது வேறு. அதை நெகிழ்வு என்று சொல்லலாம். ஆக்ஸ்போர்டுக்கு அருகில் உள்ள வைதம் காட்டில் கிரேட் டிட் என்ற சிட்டுகள் 1961 முதல் 47 ஆண்டுகளில் முட்டையிடும் நாளைச் சுமார் 14 நாள் முன்னே தள்ளிவிட்டன. பார்த்தால் பரிணாமம் போலத் தெரியும். ஆனால் அதே பெண் சிட்டு வசந்தம் சூடாக வந்த ஆண்டில் சீக்கிரமும், குளிராக வந்த ஆண்டில் தாமதமாகவும் முட்டையிட்டது பதிவுகளில் இருக்கிறது. ஒரே பறவை, ஒரே மரபணு, வேறு நாள். இந்த இரண்டு கணக்கையும் கலந்துவிட்டால் அதற்குப் பிறகு வரும் எந்தப் பதிலும் சரியாக வராது.

டாஃப்னி மேஜரில் அப்படி என்னதான் நடந்தது?

ஈக்வடாருக்குச் சொந்தமான கலாபகஸ் தீவுக் கூட்டத்தில் அரை சதுர கிலோமீட்டர்கூட இல்லாத ஓர் எரிமலைக் குன்று அது. குடியிருப்பு கிடையாது, நன்னீர் கிடையாது. பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதியர் 1973இல் அங்கே வேலையைத் தொடங்கி நாற்பது ஆண்டு தொடர்ந்தார்கள். மெல்லிய வலையில் குருவியைப் பிடிப்பார்கள். அலகின் நீளம், உயரம் (மேலிருந்து கீழாக உள்ள தடிமன்), அகலம், இறக்கை, கால் எலும்பு, எடை எல்லாவற்றையும் அளப்பார்கள். எண் பொறித்த உலோக வளையம் ஒன்றும், தூரத்திலிருந்தே ஆளை அடையாளம் காண வண்ண வளையங்களும் காலில் மாட்டி விட்டுவிடுவார்கள். தீவு சிறியதாக இருந்ததால் எந்தக் குருவி செத்தது, எது எதோடு இணை சேர்ந்தது, எந்தக் கூட்டில் எத்தனை குஞ்சு என்பதெல்லாம் நோட்டில் ஏறியது.

1977இல் மழை பொய்த்தது. மழைக்காலம் முழுவதிலும் பெய்தது சுமார் 24 மி.மீ. நடுத்தரத் தரைக்குருவிகள் அந்த ஆண்டு குஞ்சே பொரிக்கவில்லை. மென்மையான சிறு விதைகள் முதல் சில மாதங்களிலேயே தீர்ந்துபோயின. மிஞ்சியவை பெரிய, கெட்டியான விதைகள்தான். அவற்றில் முக்கியமானது நெருஞ்சி. நம் ஊர் நெருஞ்சியின் நெருங்கிய உறவு, அதே பேரினம். நெருஞ்சி முள் செருப்பில் குத்தி நிற்பதைப் பிடுங்கிப் பார்த்தவர்களுக்கு அந்தக் காயின் அமைப்பு தெரியும்: ஐந்து துண்டாகப் பிளக்கும், ஒவ்வொரு துண்டிலும் முள் இருக்கும், உள்ளே மரம் போன்ற ஓட்டுக்குள் விதைகள் பத்திரமாக இருக்கும். குருவி அதில் ஒரு துண்டை எடுத்து, பாறையில் அழுத்தி, ஓரத்தை அலகால் கவ்வித் திருகிப் பெயர்க்க வேண்டும். அலகில் பலம் போதாவிட்டால் எத்தனை முறை முயன்றாலும் பசிதான் மிச்சம்.

நடுத்தரத் தரைக்குருவிகளில் சுமார் 85 சதவீதம் செத்துப்போயின. வறட்சிக்கு முன் அலகின் சராசரி உயரம் 9.42 மி.மீ. பிழைத்தவற்றின் சராசரி 9.96 மி.மீ. பெண் குருவிகள் பொதுவாக உடலிலும் அலகிலும் சற்றுச் சிறியவை என்பதால் அவை கூடுதலாக மடிந்தன. மழை திரும்பியபோது ஒரு பெண்ணுக்குப் பல ஆண்கள் என்ற நிலை. அந்தப் பெண்கள் இணையாக ஏற்றதும் பெரும்பாலும் பெரிய ஆண்களைத்தான்.

அரை மில்லிமீட்டர் ஒரு வித்தியாசமா?

உங்கள் நகத்தின் தடிமன்தான். ஆனால் 11 மி.மீ. நீள அலகு நெருஞ்சியை உடைக்கும், 10.5 மி.மீ. நீள அலகு முயன்றுகூடப் பார்க்காது என்ற நிலையில் அந்த அரை மில்லிமீட்டர்தான் சோறு. “சிறிய வித்தியாசம்தானே” என்று நாம் சொல்வது நம் வயிறு நிறைந்திருப்பதால்.

பெரிய அலகு பிள்ளைக்கும் போகும் என்று எப்படித் தெரியும்? நல்ல தீனி கிடைத்த குஞ்சுக்கு அலகு பெரிதாக வளர்ந்திருக்கலாம் அல்லவா?

கேட்க வேண்டிய கேள்வி இதுதான். பிழைத்தவை பெரிதாக இருந்தால் மட்டும் பரிணாமம் நடந்துவிடாது. அளவு மரபில் இறங்க வேண்டும்.

அதைச் சோதிக்கும் வழி: தாய், தந்தை இருவரின் அலகு உயரத்துக்கும் சராசரி எடுத்துக் கிடை அச்சில் போடுங்கள். வளர்ந்து முடிந்த பிள்ளைகளின் உயரத்தை நிலை அச்சில் போடுங்கள். புள்ளிகளின் ஊடே செல்லும் கோட்டின் சரிவுதான் மரபுப் பங்கு. சரிவு 0 என்றால் பெற்றோரின் அளவுக்கும் பிள்ளைக்கும் தொடர்பில்லை, 1 என்றால் முழுத் தொடர்பு. டாஃப்னி குருவிகளின் அலகு உயரத்துக்கு இது சுமார் 0.7 வந்தது. மிக உயர்ந்த எண் இது.

இப்போது கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பிழைத்தவற்றுக்கும் முந்தைய சராசரிக்கும் வித்தியாசம் 9.96 − 9.42 = 0.54 மி.மீ. இதை 0.7ஆல் பெருக்கினால் 0.38. அதாவது அடுத்த தலைமுறை 9.80 மி.மீ.க்கு அருகில் வர வேண்டும்; சுமார் 4 சதவீத உயர்வு. 1978இல் பொரித்த குஞ்சுகள் வளர்ந்தபின் அளந்தபோது உயர்வு 4 முதல் 5 சதவீதம் இருந்தது. காட்டில், வெயிலில், கையால் எடுத்த அளவுகள் ஒரு பெருக்கல் கணக்குக்கு இவ்வளவு நெருங்கி வந்தன என்பதை எத்தனை முறை நினைத்தாலும் வியப்புத்தான்.

தீனியின் பங்கு என்ற சந்தேகம் இன்னும் மிச்சமிருக்கும். நல்ல இடம் பிடித்த பெற்றோர் பிள்ளைக்கும் நல்ல தீனி கொடுத்தால், மரபு இல்லாமலேயே இருவரும் ஒத்துப்போவார்கள். அதை விலக்க முட்டையை அல்லது குஞ்சை வேறு கூட்டுக்கு மாற்ற வேண்டும். டாஃப்னி தேசியப் பூங்காவுக்குள் இருப்பதால் அங்கே அதைச் செய்யவில்லை. கனடாவின் மேற்குக் கரையில் மன்டார்ட்டி தீவில் வேறொரு குருவியினத்தில் செய்தார்கள், முடிவு 1980இல் வெளிவந்தது. வேறு கூட்டில் வளர்ந்த குஞ்சின் அலகு பெற்ற தாய் தந்தையைத்தான் ஒத்திருந்தது, வளர்த்தவர்களை ஒத்திருக்கவில்லை.

அப்படியானால் அலகு பெரிதாகிக்கொண்டே போயிருக்க வேண்டுமே?

போகவில்லை. 1982–83இல் எல் நினோ (பசிபிக் கடல் நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் நிகழ்வு) வந்து 1,359 மி.மீ. மழை கொட்டியது. கொடிகள் படர்ந்து நெருஞ்சியையும் கள்ளியையும் மூடிவிட்டன. தீவெங்கும் சிறு விதை. அடுத்து 1984–85இல் வறட்சி வந்தபோது தின்னக் கிடைத்தது சிறு விதைதான். பெரிய உடம்பை அதை வைத்து நிரப்ப முடியவில்லை. இம்முறை பிழைத்தவை சிறிய அலகுக் குருவிகள்.

மூன்றாவது திருப்பம்தான் என்னைப் பொறுத்தவரை மிக முக்கியமானது. அந்த எல் நினோ காலத்தில் பெரிய தரைக்குருவி என்ற இன்னோர் இனம் டாஃப்னியில் குடியேறியது. நெருஞ்சியை அது பாக்கு வெட்டுவது போல உடைக்கும். 2003–2005இல் மீண்டும் வறட்சி. 1977இன் பாடம் மனத்தில் இருந்தால் “பெரிய அலகு பிழைக்கும்” என்று பந்தயம் கட்டியிருப்போம். நடந்தது தலைகீழ். நெருஞ்சியைப் புதிதாக வந்த பெரியவர்கள் காலி செய்துவிட்டார்கள். அவர்களோடு போட்டியிட்ட பெரிய அலகு நடுத்தரக் குருவிகள் பட்டினியால் மடிந்தன. சிறிய அலகுடையவை தப்பின. வறட்சி அதே வறட்சி, பக்கத்து வீட்டுக்காரர் வேறு. சூழல் என்றால் வெயிலும் மழையும் மட்டும் என்று நினைப்பவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள்.

மரபணுவில் அந்த மாற்றம் தெரிந்ததா?

தெரிந்தது. 2016இல் எச்.எம்.ஜி.ஏ.2 என்ற மரபணுப் பகுதி அலகின் அளவோடு வலுவாகத் தொடர்புள்ளது என்று வெளியிட்டார்கள். 2004–05 வறட்சியைக் கடந்து பிழைத்தவற்றில் சிறு அலகோடு தொடர்புள்ள வடிவம் கூடுதலாக இருந்தது. அந்த ஒரு பகுதி மட்டுமே அலகைத் தீர்மானிக்கிறது என்று இதற்குப் பொருளில்லை.

தேவைப்படும்போது புதிய மரபணு மாற்றம் தானாக வந்துவிடுமா?

வராது. நம் ஊர்ப் பேச்சில் இந்தத் தவறு மிக அதிகம்: “புகை வந்ததால் அந்துப்பூச்சி கறுப்பாக மாறியது” என்று பாடப் புத்தகத் தொனியிலேயே சொல்லிவிடுகிறோம். இங்கிலாந்தின் மிளகுப் பொட்டு அந்துப்பூச்சியில் கறுப்பு வடிவம் மான்செஸ்டரில் முதலில் பதிவானது 1848. 1895இல் அங்கே 98 சதவீதம் கறுப்பு. கார்டெக்ஸ் என்ற மரபணுவுக்குள் ஒரு டி.என்.ஏ. துண்டு போய்ச் செருகிக்கொண்டதுதான் கறுப்புக்குக் காரணம் என்று 2016இல் கண்டார்கள். அந்தச் செருகல் 1819ஐ ஒட்டி நடந்திருக்கலாம் என்பது மதிப்பீடு. அது தற்செயலாக நேர்ந்தது. புகைக் கரி படிந்த மரத்தில் வெள்ளைப் பூச்சியைப் பறவைகள் கொத்தித் தின்றதால் அந்தத் தற்செயல் பெருகியது. 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்து, மரத்தில் பாசியும் வெளிர் நிறமும் திரும்பியபின் கறுப்பு மறுபடியும் அரிதாகிவிட்டது.

ஆகவே ஒரு கூட்டம் விரைவாக மாற வேண்டுமானால் சரக்கு ஏற்கெனவே கையிருப்பில் இருக்க வேண்டும். டாஃப்னியில் 1977க்கு முன்பே பெரிய அலகுகள் இருந்தன. இல்லாதிருந்தால் வறட்சி தேர்ந்தெடுப்பதற்கு எதுவும் இருந்திருக்காது.

ஒரே நாளில் இயற்கைத் தேர்வு (சில பிழைத்துச் சில மடிவது) நடக்குமா?

நடக்கும். 2017 செப்டம்பரில் இர்மா, மரியா என்ற இரு சூறாவளிகள் கரீபியனின் டர்க்ஸ் – கேக்கோஸ் தீவுகளைத் தாக்கின. வேறொரு காரணத்துக்காக அங்கே அனோலிஸ் பல்லிகளை அளந்துவிட்டுச் சில நாள் முன்புதான் ஆய்வாளர்கள் திரும்பியிருந்தார்கள். ஓடிப்போய் மறுபடி அளந்தார்கள். பிழைத்த பல்லிகளின் விரல் ஒட்டுப் பட்டைகள் சராசரியில் பெரியவை, முன்கால் நீளம், பின்தொடை குட்டை.

தொடை ஏன் குட்டையானது? இலை ஊதும் இயந்திரத்தைப் பல்லிமேல் திருப்பிப் படம் பிடித்தார்கள். காற்று ஏற ஏறப் பல்லி குச்சியின் மறுபக்கம் போய் முன்காலால் இறுக்கிக்கொள்கிறது. பின்கால் பிடி விட்டு, துணி போலக் காற்றில் படபடக்கிறது. தொடை நீளமானால் அது பாய்மரம் மாதிரி காற்றை வாங்கி உடம்பையே பிடுங்கிப் போகும். (கீழே வலை விரித்திருந்தார்கள், பல்லிகளுக்குக் காயமில்லை.)

தந்தமில்லாத யானைகள் பெருகுவது வேட்டையால்தானா?

மொசாம்பிக்கின் கொரொங்கோசா பூங்காவைப் பொறுத்தவரை ஆம். அங்கே 1977 முதல் 1992 வரை உள்நாட்டுப் போர். தந்தத்துக்காகவும் இறைச்சிக்காகவும் யானைகள் கொல்லப்பட்டு 90 சதவீதத்துக்கும் மேல் அழிந்தன. போருக்கு முன் பெண் யானைகளில் 18.5 சதவீதம் தந்தமில்லாதவை; போருக்குப் பின் 50.9 சதவீதம். எண்ணிக்கை சரிந்தாலே இப்படித் தற்செயலாக நேருமா என்று கணினியில் ஓட்டிப் பார்த்தார்கள். நேராது. தந்தமில்லாத பெண் பிழைக்கும் வாய்ப்பு தந்தமுள்ளதைப் போல ஐந்து மடங்கு இருந்தால்தான் இந்த எண் வரும். போருக்குப் பின் பிறந்த பெண்களில் 33 சதவீதம் தந்தமில்லாதவை. வேட்டை நின்ற பிறகும் அடுத்த தலைமுறையில் தடம் இருக்கிறது.

2021இல் வெளியான மரபணு ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. இந்தப் பண்பு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. தாய்க்கு ஒரு பிரதி இருந்தால் தந்தம் வராது. ஆனால் அது ஆண் கருவுக்குப் போனால் கரு பிழைப்பதில்லை. ஆக, தந்தமில்லாத தாயின் மகள்களில் பாதிக்குத் தந்தமில்லை, மகன்களில் பாதிப் பேர் பிறப்பதே இல்லை. அவற்றின் குட்டிகளில் மூன்றில் இரண்டு பங்கு பெண்ணாக இருந்தது கணக்கோடு பொருந்துகிறது. தகவமைப்பு என்று நாம் மெச்சும் ஒன்றின் உள்ளே இத்தனை இழப்பு இருக்கிறது.

நம் மக்னாவும் அதே கதையா?

இல்லை. ஆசிய யானையில் பெண்ணுக்கு வெளியே நீண்ட தந்தம் பொதுவாகவே கிடையாது. தந்தமில்லாத ஆணைத்தான் தமிழ்நாட்டில் மக்னா என்கிறோம், இலங்கையில் அலியன் என்கிறார்கள். அது உயிரோடு, வலுவோடு திரிகிறது என்பதே கொரொங்கோசாவின் ஆணைக் கொல்லும் மரபணு இங்கே காரணமல்ல என்பதற்குச் சான்று. தென்னிந்தியாவில் ஆண்களில் பெரும்பாலானவை தந்தமுள்ள கொம்பன்கள். இலங்கையில் ஆண்களில் பத்தில் ஒன்றுக்கும் குறைவாகவே கொம்பன்.

இங்கே வேட்டையின் காயம் வேறு வடிவில் தெரிந்தது. பெரியாறு காட்டில் கொம்பன்களாகத் தேடிக் கொன்றதால் 1980களில் வளர்ந்த ஆண்–பெண் விகிதம் ஒன்றுக்கு நூறு என்ற அளவுக்குப் போனது. மக்னா பெருகி ஈடுகட்ட நேரமே இல்லை. ஆணே இல்லாமல் போனதுதான் முதலில் நடந்தது.

சில விலங்குகளால் முடிகிறது, சிலவற்றால் ஏன் முடிவதில்லை?

மூன்றைப் பாருங்கள்: எத்தனை உயிர்கள் இருக்கின்றன, அவற்றுக்குள் எவ்வளவு வேறுபாடு, ஒரு தலைமுறைக்கு எத்தனை ஆண்டு.

அட்லாண்டிக் கில்லிமீன் விரல் நீள மீன். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் தொழிற்சாலை நச்சு கலந்த நான்கு கழிமுகங்களில், மற்ற மீன்கள் செத்துப்போகும் செறிவில் இது வாழ்கிறது. நச்சை உணர்ந்து உடலில் சேதத்தைத் தொடங்கும் ஒரு வழித்தடம் நான்கு இடத்திலும் மரபணு அளவில் மட்டுப்பட்டிருப்பது 2016இல் தெரியவந்தது. அதற்குக் கூட்டம் மிகப் பெரியது, மரபணு வேறுபாடு மிக அதிகம், தலைமுறை சுமார் ஓர் ஆண்டு. மூன்றும் சாதகம்.

கடலாமையை எடுங்கள். முட்டைக்குள் இருப்பது ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு தீர்மானிக்கிறது. சுமார் 29 டிகிரி செல்சியஸை ஒட்டி இரண்டும் கலந்து வரும், அதற்கு மேலே போகப் போகப் பெண்ணே வரும். ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத் திட்டின் வடபகுதிக் கூட்டத்தில் இளம் பேராமைகளில் 99 சதவீதம் பெண் என்று 2018இல் கண்டார்கள். சென்னைக் கரைக்கு வரும் பங்குனி ஆமைக்கும் பொறிமுறை இதேதான். பருவத்துக்கு வரவே பத்து, பதினைந்து ஆண்டாகும் உயிருக்கு அறுபது ஆண்டு என்பது நாலைந்து தலைமுறை. கில்லிமீனுக்கு அதே காலம் அறுபது தலைமுறை.

வரையாட்டுக்கு வேறு தடை. மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரப் புல்வெளிகளிலும் பாறைச் சரிவுகளிலும் தனித்தனிக் கூட்டமாக இருக்கிறது. சூடு ஏறினால் மேலே போக வேண்டும். ஆனைமுடி 2,695 மீட்டர். அதற்கு மேலே மலை இல்லை. அடுத்த சிகரத்துக்குப் போக நடுவே தேயிலைத் தோட்டமும் சாலையும்.

நெகிழ்வு போதாதா? பருவத்துக்கு ஏற்ப நடந்துகொண்டால் சரிதானே?

எந்தக் குறிப்பை வைத்து நடந்துகொள்கிறது என்பதைப் பொறுத்தது. சிட்டு வெப்பத்தைப் பார்த்து முட்டையிடும். வெப்பம் மாறினால் அதுவும் மாறும். பனிமுயல் பகல் நீளத்தைப் பார்த்து வெள்ளைக்கு மாறும். புவி சூடாவதால் பகல் நீளம் மாறுவதில்லை. பனி தாமதமாக விழும் ஆண்டில் அமெரிக்காவின் மொன்டானாவில் பழுப்புத் தரைமேல் வெள்ளை முயல் உட்கார்ந்திருக்கிறது. மறைந்திருக்கிறோம் என்ற நம்பிக்கையில் அசையாமலே இருக்கும். நிறம் பொருந்தாத முயலின் பிழைப்பு வாரத்துக்கு 7 சதவீதம் வரை குறைந்தது. பசிபிக் கரையோரம் பனி குறைந்த பகுதிகளில் குளிர்காலத்திலும் பழுப்பாகவே இருக்கும் பனிமுயல்கள் உண்டு. அந்த மரபணு வடிவம் முன்னொரு காலத்தில் வேறொரு முயலினத்தோடு கலந்ததால் வந்தது என்று 2018இல் கண்டார்கள். மீட்சிக்கு அங்கே கையிருப்பு இருக்கிறது. நடுவில் உள்ள காடுகள் தொடர்ச்சியாக இருந்தால்தான் அது மொன்டானாவுக்கு வந்துசேரும்.

“பறவைகள் சிறுத்துவருகின்றன” என்ற செய்தி பரிணாமத்துக்குச் சான்றா?

சிகாகோவில் கட்டடங்களில் மோதிச் செத்த 70,716 பறவைகளை 1978 முதல் 2016 வரை சேகரித்து அளந்தார்கள், 52 இனங்கள். கால் எலும்பு 2.4 சதவீதம் குறைந்திருந்தது, இறக்கை 1.3 சதவீதம் நீண்டிருந்தது. அளவில் சந்தேகமில்லை. ஆனால் சூட்டில் வளர்ந்த குஞ்சு சிறியதாக வளர்ந்ததா, சிறியவை பிழைத்து மரபில் இறங்கியதா என்பதை இந்த அளவு மட்டும் சொல்லாது. பெற்றோர்–பிள்ளை அளவோ, மரபணுத் தரவோ, ஒரே சூழலில் வளர்த்துப் பார்த்த சோதனையோ இருந்தால்தான் பரிணாமம் என்று சொல்லலாம். செய்தித் தலைப்பில் அந்தச் சொல் வந்தால் இம்மூன்றில் எது இருக்கிறது என்று தேடிப் பாருங்கள்.

அளப்பதில் எங்கே தவறு நேரும்?

ஆள் மாறினால் அளவு மாறும். ஒருவர் காலிப்பர் என்ற அளவுக் கருவியை நாசித் துவாரத்தின் முன் ஓரத்தில் வைப்பார், இன்னொருவர் சற்றுப் பின்னால். தேடுவதே அரை மில்லிமீட்டர் என்னும்போது இந்தப் பிழையே முடிவை உண்டாக்கிவிடும். ஒரே பறவையை, முதல் எண்ணைப் பார்க்காமல், இரண்டாம் முறை அளந்து வித்தியாசத்தைப் பதிய வேண்டும். அலகின் நுனி தேயும் என்பதால் நீளத்தைவிட உயரம் நம்பகமானது. அருங்காட்சியகத்தில் பாடம் செய்து உலர்ந்த உடல் சுருங்கும். அதை உயிருள்ள பறவையோடு நேராக ஒப்பிட்டால் “காலப்போக்கில் பெரிதாகிவிட்டது” என்ற பொய் முடிவு வரும். முழு வளர்ச்சி அடையாத குஞ்சைக் கணக்கில் சேர்ப்பதும் அப்படித்தான்.

மற்றொன்று, சராசரி மாறியது வெளியிலிருந்து வந்தவர்களாலா என்பது. வளையம் இல்லாத பறவை புதிதாகத் தெரிந்தால் அது குடியேறியது. அதைத் தனியாகப் பிரிக்க வேண்டும்.

பாதுகாப்பில் இதை வைத்து என்ன செய்யலாம்?

வேறுபாடு தீர்ந்துபோன கூட்டத்துக்கு வெளியிலிருந்து கொண்டுவரலாம். ஃப்ளோரிடாவின் பூமாக்கள் 20–30 என்று சுருங்கி, வால் வளைந்தும் ஆண்களுக்கு விரை இறங்காமலும் பிறந்துகொண்டிருந்தன. 1995இல் டெக்சாசிலிருந்து எட்டுப் பெண் பூமாக்களைக் கொண்டுவந்து விட்டார்கள். குறைகள் குறைந்தன, எண்ணிக்கை நூறைத் தாண்டியது. இதைக் கண்ட இடத்திலெல்லாம் செய்ய முடியாது. மிகத் தொலைவான கூட்டத்தைக் கலந்தால் அந்த இடத்துக்கே உரிய தகவமைப்பு கரைந்துவிடும்.

கடலாமைக்கு நேரம் வாங்கித் தரலாம். குஞ்சு பொரிப்பகத்தில் நிழல் வலை கட்டி, முட்டைக் குழியின் ஆழத்தில் (சுமார் 45 செ.மீ.) வெப்பமானி வைத்துக் கண்காணிப்பது எளிய வேலை. மேற்பரப்பு மணலில் எடுத்த வெப்ப அளவு எதற்கும் உதவாது. முட்டை இருப்பது கீழே.

எல்லாவற்றுக்கும் மேலாக, காடுகளைத் தொடர்பு அறாமல் வைத்திருப்பதும் கூட்டத்தைச் சிறுக்க விடாமல் இருப்பதும்தான் பலன் தருபவை. புகழ் கிடைக்காத வேலைகள், ஆனால் தேர்வுக்கான கையிருப்பைக் காப்பவை அவைதான்.

ஊரில் இருந்துகொண்டே ஏதாவது அளக்க முடியுமா?

காட்டுப் பறவையைப் பிடிப்பதும் வளையமிடுவதும் இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியில்லாமல் செய்யக் கூடாதவை. கண்ணால் பார்த்து எழுதலாம். தூக்கணாங்குருவி இதற்கு நல்ல உயிர். மழையை ஒட்டிக் கூடு கட்டும், கூடு தூரத்திலிருந்தே தெரியும், ஒவ்வோர் ஆண்டும் அதே பனைக்கோ கிணற்றோரக் கருவேலத்துக்கோ வரும்.

கூடு கட்டும் பருவத்துக்கு ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள். வாரம் ஒருமுறை, அதே கிழமை, அதே நேரம், அரை மணி. முதல் கூட்டின் தேதி, பாதிக் கட்டிய தொப்பிக் கூடுகள் எத்தனை, நுழைகுழல் முடிந்தவை எத்தனை, எந்த மரம், அந்த வாரம் எத்தனை மி.மீ. மழை. பத்து ஆண்டு சேர்ந்தால் மழைக்கும் கூட்டுக்கும் உள்ள தொடர்பு தெரியும். அது நெகிழ்வைத்தான் காட்டும், பரிணாமத்தை அல்ல. ஆனால் நெகிழ்வு எங்கே போதாமல் போகிறது என்று அறிய இப்படிப்பட்ட பதிவுதான் வேண்டும். கூடே இல்லாத வாரத்தில் 0 என்று எழுதுங்கள். வெறுமனே விட்டால் கூடு இல்லையா, நீங்கள் போகவில்லையா என்று பின்னால் பார்ப்பவருக்குத் தெரியாது.